பால் போன வழி

மூடியைத் திறந்தவுடன் முதலில் முகத்தில் அடிப்பது சூடு. குளித்த தண்ணீர், பாஸ்தா வடித்த தண்ணீர், மூத்திரம், உடுப்புத் தோய்த்த நுரை, எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவதுபோல மேலே வரும். தை மாதக் குளிரில் அது வெள்ளை ஆவியாக எழும்பும். தெருவின் அந்தப் பக்கம் நடந்து போகிறவர்களுக்கு அழகாகக்கூட இருக்கலாம். நாற்றம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அவசரமில்லாமல், வீட்டுக்காரன் மாதிரி.

சுவிஸில், வின்டர்தூரிலிருந்து ரயிலில் சில நிமிடம் தள்ளி ஒரு சிறு நகரம். அதன் கழிவுநீர்க் குழாய்களைக் கழுவும் லொறியில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். குழாய்க்குள் ஓர் உருக்கு மூக்கை அனுப்புவோம். அது பின்பக்கமாகத் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு தானே முன்னேறிப் போகும். திருப்பி இழுக்கும்போது கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வரும். வருவதை நான் பார்க்க வேண்டும். கழிவறைக்குள் போடக் கூடாத ஈரத்தாள்கள் முடிச்சு முடிச்சாக, சடைபோலப் பின்னிக்கொண்டு வரும். பொரித்த எண்ணெய் குளிரில் இறுகி, கல்லாகி, அந்தக் கல்லில் முடி முளைத்ததுபோலத் தலைமயிர் ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு முழுப் பல்செட், சிரித்தபடி வந்தது. ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்த நாட்டின் சுத்தத்தைப் பற்றி வாய் ஓயாமல் கதைக்கும்போது எனக்குத் தொண்டையில் புளிக்கும். அந்தச் சுத்தத்தை நான் கையுறை போட்டு இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

நகரத்தின் புதிய பகுதிகளில் நிலத்துக்குக் கீழே இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று வீட்டுக்குள்ளிருந்து வரும் அழுக்கைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகிறது. மற்றது மழைத் தண்ணீருக்கு. கூரை, முற்றம், தெரு எல்லாவற்றிலும் விழும் மழை இரும்புக் கிராதிகளுக்குள் இறங்கி நேராக ஓடைக்குப் போய்விடும். நடுவில் யாரும் சுத்தம் செய்வதில்லை. அதனால்தான் சில கிராதிகளுக்குப் பக்கத்தில் மீன் வடிவத்தில் ஒரு சின்னத் தகடு பதித்திருக்கிறார்கள். நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள் அந்த மீனின் மேல் சிகரெட்டை நசுக்கி, கட்டையைக் கிராதிக்குள் தட்டிவிட்டுப் போவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கிராதிக்குக் கீழே உள்ள குழியில் சேர்ந்த சேற்றை உறிஞ்சி எடுப்பதும் நாங்கள்தான். கறுத்த கூழ். அதற்குள் அந்தக் கட்டைகள் புழுக்கள்போல ஊதிக் கிடக்கும்.

என்ன வேலை என்று கோயிலில் யாராவது கேட்டால், "ஸ்டாட்டில வேலை" என்பேன். நகரசபையில் வேலை. பொய்யில்லை. அவர்கள் அதைக் கேட்டு ஒரு மேசை, ஒரு கணினி, ஜன்னலோரம் ஒரு பூச்சாடி எல்லாம் தாங்களே வைத்துக்கொண்டார்கள். நான் எதையும் எடுத்துவிடவில்லை.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயில் சமையலில் காய் வெட்டுவது நான். சாம்பாருக்கும் கறிக்கும் பூசணி, கத்தரி, வாழைக்காய், எல்லாம் என் பலகையில்தான். என் வெட்டு ஒரே அளவாக இருக்கும் என்று பெயர். "உங்கட கை பட்டால் கறி தனி ருசி" என்று பெண்கள் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக வாரம் முழுவதும் நான் குழிகளுக்கு மேல் குனிந்து நின்றிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். என் வேலை தெரிந்தால் அந்தக் கத்தி என் கைக்கு வராது. இது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருவன். ஊரில் வாளிக் கக்கூஸ் எடுக்க ஒருவர் பின் ஒழுங்கையால் வருவார். அவருக்கு நாங்கள் தேத்தண்ணி கொடுத்தது சிரட்டையில். கையில் கொடுக்கவில்லை, மதிலில் வைத்தோம். வைத்தவன் நான்.

கோயில் ஒரு பழைய தொழிற்சாலை மண்டபத்தில் இருக்கிறது. அங்கே குடிவந்த வருடம், கோயில் பொறுப்பைப் பார்க்கும் அண்ணை ஒருநாள் என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறுபது தாண்டியவர், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், குரலை உயர்த்தாமலே எல்லோரையும் எழும்பி நிற்க வைப்பவர்.

"தம்பி, நீர் ஸ்டாட்டில இருக்கிறீர், உமக்குத் தெரியும். அபிஷேகத் தண்ணி போறதுக்கு ஒரு வழி வேணும். உள்ளுக்கை இருக்கிற குழாய் கக்கூஸோடை சேருதாம். சாமியிலை பட்ட பாலை அதுக்குள்ளை விடேலுமோ? ஐயர் மாட்டன் எண்டுட்டார்."

முற்றத்தில் இருந்த கிராதியைக் காட்டினேன். "இது மழைத் தண்ணிக்கு. கக்கூஸோடை சேராது அண்ணை."

"நிச்சயமோ?"

"நிச்சயம். இது நேரை ஆத்துக்குப் போகுது."

"ஆ! பிறகென்ன. அபிஷேகம் ஆத்திலை சேருறதுதானே முறை" என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளியே கருவறையிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து கிராதிக்கு மேல் வாய் வைத்துக்கொண்டிருந்தது.

நான் பயிற்சி எடுத்தவன். சவர்க்கார வாளி ஒன்றைக் கிராதியில் ஊற்றுகிறவரைத் தெருவில் கண்டால் இறங்கிப் போய்ச் சண்டை பிடிக்கிறவன். ஆனால் பாலை அழுக்கு என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. பால்தானே. தேன்தானே. இளநீர்தானே. ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் சமையலறைக்குள் போனேன்.

போன கோடையில் மழையே இல்லை. ஓடை கல்லுக்குக் கல் தெரிய ஒடுங்கிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பால்குடம். ஓல்டனிலிருந்து, நொஷாட்டலிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. முற்றத்தில் வரிசையாக இருந்து பால் பெட்டிகளைக் கத்தரியால் வெட்டி வெட்டிக் குடங்களில் நிரப்பினார்கள். வெறும் பெட்டிகள், மலையும் மாடும் படம் போட்டவை, கால்களுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தன. குடங்கள் உள்ளே போயின. அரோகரா. பால் வெளியே வந்தது. மதியத்துக்குள் முற்றத்தில் ஒரு புளித்த வாடை. ஈக்கள். என் பூசணிக்காய்க்கு மேலும் இரண்டு ஈக்கள்.

திங்கட்கிழமை காலை டிப்போவில் உடுப்பு மாற்றுவதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. ஓடை வெள்ளையாக ஓடுகிறதாம்.

எங்கள் மேலதிகாரியை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம்; இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பருத்த மனிதர், நிலத்துக்குக் கீழே எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வரைபடமில்லாமல் சொல்வார். அவர் கதைப்பது சுவிஸ்ஜெர்மன். இத்தனை வருடத்தில் அது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். பாலத்துக்குக் கீழே மீன்களைக் கண்காணிக்கும் அதிகாரி ரப்பர் சப்பாத்தோடு நின்று, செத்த மீன்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீன்களின் வாய்கள் திறந்திருந்தன. வெள்ளை வயிறு, வெள்ளைத் தண்ணீர், கல்லெல்லாம் பிசுபிசுவென்று ஓர் ஆடை.

ஷெஃப் ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்து மணந்து பார்த்தார். "பெயின்ட் இல்லை. பால். ஆரோ ஊருக்கே கப்புச்சீனோ போட்டிருக்கிறான்."

ஓடையில் வந்து விழும் மழைக்குழாயிலிருந்து மேல்நோக்கி நடந்தோம். முறை இதுதான்: குழாய்கள் சேரும் இடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பது, எந்தக் கிளை தெளிவாக வருகிறது, எது வெள்ளையாக வருகிறது என்று கண்டு, வெள்ளையைப் பின்தொடர்வது. முதல் மூடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புளித்த பாலுக்குக் கீழே சந்தனம். சந்தனத்துக்குக் கீழே வாழைப்பழம். மலம் எனக்குப் பழகிப்போன மணம், அதற்கு முன்னால் என் மூக்கு தலை குனிந்துவிடும். ஆனால் சாமியின் மணம் அழுகி மேலே வந்தபோது குமட்டியது. திரும்பி, லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

"என்னடாப்பா, உனக்கோ?" என்றார் ஷெஃப்.

"காலமை ஒண்டும் சாப்பிடேல்ல." பிறகு, என் குரலை நானே கேட்டுக்கொண்டு நிற்க, என் வாய் சொன்னது: "அந்தப் பக்கம் ஒரு பேக்கரி இருக்கு ஷெஃப். கிறீம், பால் எண்டு கழுவி விட்டிருப்பாங்கள்."

அவர் நீளக் கம்பியால் குழிக்குள்ளிருந்து எதையோ கோலி எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஊறிப்போன மாலைத் துண்டு. "பேக்கரிக்காரன் பூமாலை போடுறவனோ?"

மூன்றாவது மூடி கோயில் வாசலுக்கு முன்னால். அவர் மண்டபத்தைப் பார்த்தார், வாசலில் கட்டியிருந்த வாழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கட ஆக்கள்தானே?"

"ஓம்."

"அப்ப வா, நீயே கதை."

"எனக்கு இன்னும் வயித்தைப் பிரட்டுது" என்றேன். அது உண்மையாகவும் இருந்தது. அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தனியாக உள்ளே போனார். நான் லொறிக்குள் ஏறி, இருக்கையில் தலை தெரியாமல் சரிந்து கிடந்தேன். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கும் மனிதன், செம்மஞ்சள் உடுப்பில், முழங்கால் மூக்கில் முட்ட. ஜன்னல் பாதி திறந்திருந்தது.

ஷெஃப் கிராதியைக் காட்டி ஜெர்மனில் ஏதோ விளக்குவது கேட்டது. அண்ணை "யா, யா, கைன் ப்ரோப்ளேம்" என்று சிரிப்பது கேட்டது. பிறகு குரலை மாற்றாமல், அதே சிரிப்போடு, தமிழில் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்:

"சாக்கடைக்காரன் வந்து நிக்கிறான். சப்பாத்தோடை உள்ளுக்கை விட்டிடாதேங்கோ, பிறகு முழுக்கக் கழுவோணும். ஆரும் கெதியா அந்த ஜாவெல்லைக் கொண்டந்து இதுக்குள்ளை ஊத்துங்கோ. ரெண்டு கானையும் ஊத்துங்கோ. வெள்ளையும் போகும், மணமும் போகும், இவனும் போவான்."

ஜாவெல் என்பது கழிவறை கழுவும் வெளுப்பு மருந்து. பால் மீனுக்கு மூச்சு முட்ட வைக்கும். அந்த மருந்து, ஓடையில் மிச்சமாய் உயிரோடு இருக்கும் எல்லாவற்றையும் முடித்துவிடும். ஷெஃபுக்கு அந்தத் தமிழில் ஒரு சொல் விளங்கவில்லை. உலகத்தில் அந்த நேரம், அந்த இடத்தில், இரண்டு பக்கமும் விளங்கிய ஒரே ஆள் லொறி இருக்கையில் ஒளிந்து கிடந்தான்.

கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். "ஊத்தாதேங்கோ! அண்ணை, அதை ஊத்தாதேங்கோ!"

மருந்துக் கானைத் தூக்கி வந்தது சமையலறையில் எனக்குப் பக்கத்தில் நின்று அரிசி களையும் அக்கா. என்னைத் தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தார். என் நெஞ்சில் நச்சுவாயு காட்டும் சின்னப் பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் சேலைத் தலைப்பு மெதுவாக மூக்குக்குப் போனது. அந்தக் கணம் என்னில் எந்த நாற்றமும் இல்லை. சத்தியமாக இல்லை. அன்று காலை நான் திறந்தது அவர்களுடைய பாலை மட்டும்தான்.

"நீயோ?" என்றார் அண்ணை. அதுவரை என்னை அவர் நீ என்றதில்லை. "நீ ஒஃபிஸிலை எண்டெல்லோ..."

"நான் ஒருநாளும் ஒஃபிஸ் எண்டு சொல்லேல்ல அண்ணை."

உள்ளேயிருந்து ஐயர் வந்தார். இளைய மனிதர், நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது. அவர் ஒருவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பால் ஆத்துக்குத்தானே போகுது? அதிலை என்ன பிழை?"

"மீன் சாகுது ஐயா."

"பாலாலையோ?"

"பாலாலைதான். பாலைக் கிருமி தின்னும், தின்னேக்கை தண்ணியிலை இருக்கிற காத்தெல்லாத்தையும் அது எடுத்துப்போடும். மீனுக்கு மூச்சு முட்டும்."

அவர் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்கள்தானே இதைக் காட்டினது?"

"ஓம். நான்தான்."

ஷெஃப் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். குழாயைக் கழற்றச் சொன்னார். இனி ஒரு சொட்டும் கிராதிக்குள் போகக் கூடாது, கழிவுக் குழாய்க்குள்தான் போக வேண்டும் என்றார். அறிக்கை எழுதுவேன், கடிதம் வரும் என்றார். லொறியில் ஏறிய பிறகு, கொஞ்சத் தூரம் போய், "பேக்கரியாம்" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் எடுத்ததே இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. மனைவி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்த வெள்ளி போகாதேங்கோ" என்றாள்.

"போவன். நான் என்ன களவெடுத்தனானோ?"

"அவையள் ஒண்டும் சொல்லமாட்டினம். அதுதான் சொல்லுறன், போகாதேங்கோ."

போனேன். போகுமுன் தொழில் முறைப்படி கை கழுவினேன்: முழங்கை வரை, நகத்துக்கு அடியில் தூரிகை போட்டு, கிருமிநாசினி பூசி, காயும்வரை நின்று. அந்தக் கோயிலில் அன்று என் கையைவிடச் சுத்தமான கை இருந்திருக்காது. கத்தி வழக்கமான இடத்தில் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. "வாங்கோ, வாங்கோ" என்றார்கள். முகங்களில் சீனிப்பாகு. "வேலைக் களைப்பாயிருக்கும், இருங்கோவன்" என்றார் அரிசி களையும் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். நான் ஒரு முழுப் பூசணியை எடுத்து, ஒரே அளவில், என் வாழ்நாளிலேயே அழகாக வெட்டினேன். அக்கா அதைத் தனியாக ஒரு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டார்.

பூசை முடிந்து இலை போட்டபோது சாம்பாரில் உருளைக்கிழங்கும் கரட்டும் இருந்தன. பூசணியைத் தேடினேன். விரலால் கிளறித் தேடினேன், எனக்கே அருவருப்பாக.

அண்ணை பக்கத்தில் வந்து மெதுவாகக் கதைத்தார். "தம்பி, ஒரு உதவி. அபிஷேகத்தை இப்ப ஒரு நீல ட்ரம்மிலை பிடிச்சு வைச்சிருக்கு. முத்தம் முழுக்கத் தார், ஊத்த ஒருபிடி மண் இல்லை. அந்தக் கழிவுக் குழாய் மூடியைத் திறந்து ஊத்தோணும். ஐயர் கக்கூஸ் தண்ணியிலை ஊத்தமாட்டார். நாங்கள் ஆரும்... சாமியின்ரை பால்தானே, பாவமெல்லோ. உமக்கு எண்டால் பழக்கம்."

"பாக்கிறன் அண்ணை" என்றேன்.

ட்ரம் பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. மூடியைத் தூக்கும் கொக்கி என் காரில் இருந்தது. அதை எடுக்கப் போகும் வழியில், காய்கறிக் கழிவு போடும் பச்சைத் தொட்டி அரைவாசி திறந்திருப்பதைக் கண்டேன். உள்ளே, மேலேயே, என் பூசணி. ஒரு துண்டுகூடக் குறையாமல், பளபளவென்று, ஒரே அளவில்.

நான் பார்த்ததிலேயே மிக அசிங்கமான பொருள் எது என்று யாராவது கேட்டால், பல்செட்டையோ எண்ணெய்க் கல்லையோ சொல்லமாட்டேன்.

கொக்கியை எடுக்கவில்லை. ட்ரம்மையும் தொடவில்லை. காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சனி வெயில். ஞாயிறு அதைவிட வெயில். திங்கள் டிப்போவில் ஷெஃப், "என்ன, சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். செவ்வாய் மத்தியானம், லொறியின் நிழலில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை அழைத்தார்.

"தம்பி, ட்ரம் மணக்குது."

"ஓம் அண்ணை. மணக்கும்."

"மூடி வீங்கி எழும்பி நிக்குது. புழு. பக்கத்துக் கராஜ்காரன் வந்து கத்திப்போட்டுப் போறான். ஐயர் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருக்கிறார்." அவர் குரல் உடைந்தது. எங்கோ பின்னால் யாரோ ஓங்காளிக்கும் சத்தம். "நாளைக்கு விசேஷப் பூசை. வாறீரோ?"

"என்ரை பூசணிக்காயை ஆர் கொட்டினது அண்ணை?"

அவர் மூச்சு கேட்டது. வாயால் மூச்சு விடுகிறார் என்பது தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவோம், முதல் வாரம்.

"பொம்பிளையள்... ஆர் எண்டு எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில்.

"வாறன். முதல் காய் வெட்டுவன். பிறகு கறி. கறியை நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை சாப்பிடோணும். பிறகு ட்ரம்."

"தம்பி, உது என்ன கதை..."

"உங்களுக்கு அவசரமில்லையெண்டால் எனக்கும் இல்லை அண்ணை."

அடுத்த நாள் வேலை முடிந்து நேராகப் போனேன், உடுப்பு மாற்றாமல். பூசணி வாங்கி வைத்திருந்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெண்கள் வழி விட்டார்கள். அந்தத் துணி எனக்கா ட்ரம்முக்கா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. கை கழுவினேன், வெட்டினேன், அது கொதிக்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. இலையில் கறி வந்தது. அண்ணை சம்மணமிட்டு உட்கார்ந்தார். பின்கதவால் அந்தப் புளித்த, இனித்த, செத்த வாடை அலை அலையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மெல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கொக்கி என் கையில் இருந்தது. அந்தத் துண்டு கீழே இறங்கும்வரை அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.